சோப்பு டப்பாவும் வடிவமைப்புப் படிப்பும்

1958 ஏப்ரலில் இந்திய அரசின் கைக்கு ஒரு சிறிய அறிக்கை வந்து சேர்ந்தது. எழுதியவர்கள் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி. நாட்டில் தயாராகும் நுகர்பொருள்களின் தரம் சரிவதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று கேட்டு அரசு அவர்களை அழைத்திருந்தது. ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்த பிறகு, இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களிலேயே ஆகச் சிறந்ததாக அவர்கள் எடுத்துச் சொன்னது லோட்டாவை. நம் வீட்டுச் செம்புக்கு வடக்கத்தி உறவுக்காரப் பாத்திரம்.

ஒரு லோட்டாவைப் புதிதாக வடிவமைப்பதென்றால் எதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று அந்த அறிக்கையில் ஒரு பட்டியல் வருகிறது. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும்? தூக்கும் கையின் அளவும் வலுவும் என்ன? கொண்டுபோவது தலையிலா, இடுப்பிலா, கையிலா? நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும்? ஊற்றினால் நீர் எப்படி விழும்? உள்ளே கைவிட்டுத் துலக்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எப்படி இருக்கும்? இன்னொரு பாத்திரத்தில் இடித்தால் என்ன ஓசை எழும்? என்ன விலை? பயன்பாடு முடிந்தபின் உலோகத்துக்கு என்ன தேறும்? இப்படி நீண்டுகொண்டே போகிறது அந்தப் பட்டியல். லோட்டாவை எந்தத் தனி மனிதரும் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து உருவாக்கியது அது என்பதையும் அவர்கள் தெளிவாகவே எழுதினார்கள்.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. அங்கே வந்து சேரும் மாணவருக்குத் தலைமுறைக் கணக்கில் அவகாசம் கிடையாது. சில வாரங்களுக்குள் ஒரு பொருளை யோசித்து, வரைந்து, செய்து, நான்கு பேர் முன்னால் வைத்தாக வேண்டும். இவ்வளவு குறுகிய காலத்தில் தொழில்துறை வடிவமைப்பின் முழு நடைமுறையையும் கற்றுக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு உலகின் பெரும்பாலான வடிவமைப்புப் பள்ளிகள் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கின்றன. சிறிய பொருள் ஒன்றைக் கொடுங்கள்: மேசை விளக்கு, உப்புச் சாடி, காய்கறித் தோல் சீவி, சோப்பு டப்பா. நூறாண்டாக நீடிக்கும் இந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி, எங்கே போதாமல் போகிறது என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

நடைமுறை என்ன என்று கேட்டால் படம் போட்டுக் காட்டிவிடலாம். பிரிட்டன் வடிவமைப்பு மன்றம் 2000களின் நடுவில் பரப்பிய ‘இரட்டை வைரம்’ இன்று ஏறக்குறைய எல்லா வகுப்பறைச் சுவர்களிலும் தொங்குகிறது. முதல் வைரத்தில் பிரச்சினையை அகலமாகத் தேடிப் பிறகு குறுக்குகிறோம். இரண்டாவதில் தீர்வுகளை அகலமாகத் தேடிப் பிறகு குறுக்குகிறோம். அழகான படம், தவறில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்த மாணவருக்கு ஒரு டம்ளரின் விளிம்பை எவ்வளவு தடிமனாக வைப்பது என்று தெரியப்போவதில்லை.

படத்தின் மீது அளவுகடந்த நம்பிக்கை வைத்த காலமும் உண்டு. 1962இல் லண்டனில் வடிவமைப்பு முறைகள் பற்றி நடந்த மாநாட்டுக்குப் பிறகு, வடிவமைப்பைக் கணிதம் போல வரிசைப்படுத்திவிட முடியும் என்று ஒரு தலைமுறை நம்பியது. கிறிஸ்டோஃபர் அலெக்சாண்டர் 1964இல் வெளியிட்ட புத்தகத்தில் ஓர் இந்தியக் கிராமத்தின் தேவைகளை 141 கூறுகளாகப் பிரித்து, அவற்றை மீண்டும் கூட்டிக் கிராமத்துக்கு வடிவம் தர முயன்றார். ஜான் கிறிஸ்டோஃபர் ஜோன்ஸ் 1970இல் முறைகளுக்கென்றே பெரிய கையேடு எழுதினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இருவருமே தாங்கள் தொடங்கிவைத்த இயக்கத்திலிருந்து விலகிவிட்டார்கள். முறை என்பதே வடிவமைப்பிலிருந்து பிரிந்து தனிப் படிப்பாகிவிட்டதே என்பது அலெக்சாண்டரின் வருத்தம். அது நியாயமான வருத்தம் என்றே சொல்ல வேண்டும். செய்துபார்த்தவருக்கு முறை என்பது தான் செய்ததற்கான பெயர். செய்யாதவருக்கு அது வெறும் பெயர்தான்.

இதற்கு முந்தைய அத்தியாயம் ஜெர்மனியில் நடந்தது. 1919இல் வைமாரில் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் எல்லா மாணவர்களும் முதலில் ஓர் அடிப்படைப் பாடத்தை முடித்தாக வேண்டும். பள்ளி டெசாவுக்கு இடம்பெயர்ந்த பிறகு அந்தப் பாடத்தை நடத்தியவர்களில் முக்கியமானவர் யோசஃப் ஆல்பர்ஸ். ஒருநாள் அவர் கட்டுக்கட்டாகச் செய்தித்தாள்களோடு வகுப்புக்கு வந்ததை மாணவர் ஒருவர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். இந்தத் தாளை வீணாக்காமல், அதன் இயல்பை மதித்து, ஏதாவது செய்யுங்கள். முடிந்தால் கத்தரியும் பசையும் இல்லாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கோட்டை, கப்பல், விமானம், விலங்கு என்று விதவிதமாக முளைத்திருந்தன. இவற்றை வேறு எந்தப் பொருளில் செய்தாலும் இதைவிட நன்றாக வரும் என்று அவற்றை ஒதுக்கினார். ஒரு மாணவர் மட்டும் தாளை நீளவாக்கில் மடித்து மடிப்புத்திரை போல நிறுத்தியிருந்தார். அதைத்தான் ஆல்பர்ஸ் பாராட்டினார். படுக்கவைத்தால் துவளும் தாள் மடிப்பில் நிற்கிறது, விளிம்பில் வலுப்பெறுகிறது என்பதை அந்தக் கை கண்டுகொண்டிருந்தது. செலவு என்று பார்த்தால் ஒரு பழைய செய்தித்தாள்.

பௌஹவுஸின் பட்டறைகளில் விளைந்தவையும் பெரும்பாலும் கைக்கடக்கமான பொருள்கள்தான். மரியான் பிராண்ட் 1924இல் செய்த தேநீர்க் குடுவை, வில்ஹெல்ம் வாகன்ஃபெல்ட் கண்ணாடியிலும் உலோகத்திலும் செய்த மேசை விளக்கு, யோசஃப் ஹார்ட்விக்கின் சதுரங்கக் காய்கள் எல்லாம் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் அவை பிறந்த நாளில் என்ன கதி? அந்த விளக்கை லைப்சிக் சந்தைக்குக் கொண்டுபோனபோது வியாபாரிகள் சிரித்ததை வாகன்ஃபெல்டே பின்னாளில் நினைவுகூர்ந்தார். பார்க்க எந்திரத்தில் அடித்த மலிவுச் சரக்கு போல இருந்தது. விலையோ கைவேலைக்கு உரிய விலை. வட்டம், உருளை, அரைக்கோளம் என்று வடிவத்தை எளிமையாக்கிவிட்டால் ஆலைக்கு எளிதாகிவிடும் என்று மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் ஒவ்வொரு பாகத்தையும் கையால் தட்டிச் செய்ய வேண்டியிருந்தது.

இந்த நிகழ்ச்சியை வடிவமைப்பு ஆசிரியர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். சிறு பொருள் பயிற்சியின் மிகப் பெரிய ஓட்டை அன்றே வெளிப்பட்டுவிட்டது. பொருளின் தோற்றம்வரை கற்றுக்கொண்டாயிற்று. அதை ஆயிரக்கணக்கில் செய்வது எப்படி என்ற பாதி விடுபட்டுப்போயிற்று. வாகன்ஃபெல்ட் அந்தப் பாதியைப் பள்ளிக்கு வெளியே கண்ணாடித் தொழிற்சாலைகளில்தான் கற்றார். 1930களில் அவர் வடிவமைத்த தேநீர்ச் செட்டும், ஒன்றின் மீது ஒன்று அடுக்கும் சதுரக் கண்ணாடிப் பெட்டிகளும் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தன.

போருக்குப் பிறகு 1953இல் தொடங்கிய உல்ம் வடிவமைப்புக் கல்லூரி அந்த விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது. பணிமனையோடு கணிதம், பணிச்சூழலியல், உற்பத்தி முறை எல்லாம் பாடமாயின. அதன் பலனைக் காட்ட ஒரே எடுத்துக்காட்டு போதும். நிக் ரோரிக்ட் என்ற மாணவர் 1959இல் தன் பட்டயத் திட்டமாக உணவகங்களுக்கான பீங்கான் பாத்திர வரிசை ஒன்றை வடிவமைத்தார். பிரச்சினை மிகச் சாதாரணமானது: விடுதிச் சமையலறையில் கோப்பை, தட்டு, கிண்ணம் எல்லாம் இடத்தை அடைத்துக்கொள்கின்றன, அடுக்கினால் சரிகின்றன. ஒரே விட்டம், ஒரே சாய்வு, ஒரே விளிம்பு என்று பாத்திரங்களுக்குள் உறவு வைத்து, ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்படி செய்தார். ரோசென்தால் நிறுவனம் அதை உற்பத்திக்கு எடுத்துக்கொண்டது. டிசி 100 என்ற அந்த வரிசை பல பத்தாண்டுகள் விற்றது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றது. ஒரு மாணவரின் தேர்வுப் பணி ஆலை, உணவகம், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் கடந்து வந்தது. சிறு பொருள் திட்டம் என்றால் அது எதுவரை போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது.

அகமதாபாத்துக்கு உல்மின் தாக்கம் நேரடியாகவே வந்தது. உல்ம் ஆசிரியர் ஹன்ஸ் குகெலோட் 1960களில் அங்கு வந்து பணியாற்றினார். 1969இல் மும்பை ஐஐடியில் தொழில்துறை வடிவமைப்புக்காகத் தொடங்கிய ஐடிசி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பில் பங்கேற்ற மையம். 2007இல் வடிவமைப்பையும் உற்பத்தியையும் சேர்த்துப் படிக்கவென்றே காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் வந்தது. இன்று நுழைவுத்தேர்வு எழுதும் மாணவர்கள் பெருகிவிட்டார்கள். படிப்பின் முதுகெலும்பு மட்டும் பழையபடி சிறு பொருள் திட்டமேதான்.

செய்துதான் கற்க வேண்டும் என்பது ஆசிரியர்களின் பழக்கமா, அதற்குச் சான்று உண்டா? உண்டு. 1970களில் பிரிட்டனில் பிரையன் லாசன் ஒரு சோதனை நடத்தினார். வண்ணக் கட்டைகளை ஒரு சட்டத்துக்குள் அடுக்க வேண்டும்; வெளியே தெரியும் பக்கங்களில் குறிப்பிட்ட வண்ணம் கூடியவரை அதிகம் வர வேண்டும்; எந்தக் கட்டைகள் சேரலாம் என்பதில் மறைவான விதி ஒன்றும் உண்டு. அறிவியல் முதுகலை மாணவர்கள் முதலில் விதியைத் துருவிக் கண்டுபிடிக்க முயன்றார்கள். கட்டடக்கலை இறுதியாண்டு மாணவர்கள் நேரே நல்ல விடை ஒன்றை அடுக்கிக் காட்டி, அது தவறென்றால் அடுத்ததை அடுக்கினார்கள். விடையை முன்வைத்து அதன் வழியே பிரச்சினையைப் புரிந்துகொள்வது அவர்களுடைய வழி. இதே சோதனையைப் படிப்பின் வாசலில் நிற்பவர்களிடம் நடத்தியபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. அப்படியானால் அது பிறவிக் குணம் அல்ல. ஸ்டுடியோவில் ஆண்டுக்கணக்கில் செய்து செய்து கையில் ஏறிய பழக்கம்.

2009இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் டவ் குழுவினர் செய்த ஆய்வு இன்னும் எளிமையானது. உயரத்திலிருந்து போட்டாலும் முட்டை உடையாதபடி ஒரு கூடு செய்ய வேண்டும். ஒரு பிரிவினருக்கு இடையிடையே போட்டுப் பார்க்க முட்டைகள் தரப்பட்டன. மற்றவர்களுக்குக் கடைசியில் ஒரே வாய்ப்பு. போட்டுப்பார்த்துத் திருத்தியவர்கள் வென்றார்கள். அதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று: முன் அனுபவமே இல்லாமல் திருத்தித் திருத்திச் செய்தவர்கள், அனுபவம் இருந்தும் ஒரே முறையில் செய்தவர்களுக்குச் சமமாக வந்தார்கள். இன்னோர் ஆய்வில், ஒன்றை முடித்து அடுத்ததைச் செய்தவர்களைவிடப் பல மாதிரிகளைப் பக்கம் பக்கமாக வைத்து வளர்த்தவர்களின் விளைவு மேலாக இருந்ததை அதே குழுவினர் கண்டார்கள். முதல் மாதிரி மேல் பாசம் வந்துவிட்டால் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாசத்தின் ஆபத்தை டேவிட் ஜான்சனும் ஸ்டீவன் ஸ்மித்தும் 1991இலேயே காட்டியிருந்தார்கள். சிந்தாத காப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். உறிஞ்சுகுழல் கூடாது என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மாதிரிப் படம் ஒன்றும் தந்தார்கள், அதில் உறிஞ்சுகுழல் இருந்தது. படம் பார்த்தவர்கள் தடையையும் மீறி உறிஞ்சுகுழலை வரைந்து தள்ளினார்கள். வலைத்தளங்களில் நூறு படங்களைச் சேகரித்துச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும் என்று பழக்கும் ஆசிரியர்கள் இந்த ஆய்வை ஒரு முறையாவது படிக்க வேண்டும். படங்களுக்கு முன்னால் பொருளைப் பயன்படுத்தும் மனிதரைப் பார்ப்பதே நல்லது.

அப்படிப் பார்த்ததால் பிறந்த பொருள்களில் புகழ்பெற்றது அமெரிக்காவின் ஆக்ஸோ தோல் சீவி. சமையலறைப் பொருள் வியாபாரத்திலிருந்து ஓய்வுபெற்றிருந்த சாம் ஃபார்பர், மூட்டுவலியுள்ள தன் மனைவி பெட்சி ஆப்பிள் தோல் சீவப் பட்ட பாட்டைக் கவனித்தார். அன்று எங்கும் கிடைத்த சீவியின் பிடி மெல்லிய தகடு. விரல் வலித்தவர் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட் டிசைன் என்ற நியூயார்க் நிறுவனம் வேலையை எடுத்துக்கொண்டது. பிடியைப் பருமனாக்கினார்கள், வட்டமாக வைக்காமல் கையில் உருளாதபடி முட்டை வடிவாக்கினார்கள். சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் வரிகளிலிருந்து பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அழுந்தும் இடத்தில் மெல்லிய மடல்கள் வைக்கும் யோசனை வந்தது. ஈரக் கையிலும் வழுக்காத சான்டோபிரீன் என்ற மென் ரப்பர் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தார்கள். 1990இல் 15 சமையல் கருவிகளோடு அந்த வரிசை கடைக்கு வந்தது. மூட்டுவலிக்காரர்களுக்கான பொருள் என்று சீட்டு ஒட்டி விற்கவில்லை, எல்லாருக்கும் பிடித்துப்போனது.

இந்தக் கதைக்குப் பின்னால் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். 1979இல் ரேமண்ட் லோவியின் அலுவலகத்தில் வேலைபார்த்த 26 வயது பட்ரிசியா மூர், முதியவர்களின் உலகம் எப்படி இருக்கிறது என்று அறிய, முதிய பெண்ணாக ஒப்பனை செய்து, மூட்டு மடங்காதபடி கட்டுப் போட்டு, கண்ணை மங்கலாக்கி, ஏறக்குறைய மூன்றாண்டு காலம் அமெரிக்க நகரங்களில் நடமாடினார். மாணவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. விரல்களில் ஒட்டுநாடா சுற்றிக்கொண்டு ஒரு கத்தரிக்காயை அரிந்து பார்த்தாலே பிடி பற்றிய பாதிப் பாடம் வந்துவிடும்.

இனி ஒரு சோப்பு டப்பாவைக் கையில் எடுப்போம். முதலாண்டு மாணவருக்குக் கொடுக்கத் தகுந்த, கேட்டவுடன் அவர் முகம் சுளிக்கக்கூடிய வேலை. நான்கு வீட்டுக் குளியலறைகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் முகம் மாறும். சோப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. 125 கிராம் கட்டி நாளுக்கு நாள் தேய்ந்து சில்லாகிறது, அந்தச் சில்லு துளைக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. அடியில் தண்ணீர் நின்றால் சோப்பு கூழாகிறது. துளை போட்டால் அலமாரியெல்லாம் சோப்புநீர் வழிகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வெள்ளைப் படலமாகப் படிந்து, ஈர்க்குச்சியால் சுரண்டினாலும் போவதில்லை. கண்ணில் நுரையோடு துழாவுகிற கைக்கு டப்பா நகராமல் நிற்க வேண்டும். வெளியூர்ப் பயணத்துக்கு மூடி வேண்டும். ஈரச் சோப்பை மூடினால் நாற்றம். இத்தனையும் நான்கு வீட்டில் கிடைக்கும்.

அடுத்தது வரைதல், பிறகு மாதிரி. அட்டை, தெர்மாகோல், களிமண், பிளாஸ்டர் எதுவானாலும் சரி. மேடு எவ்வளவு உயரம் இருந்தால் சோப்புக்கு அடியில் காற்று போகும் என்பதை வரைபடம் சொல்லாது. நனைத்த சோப்பை ஓரிரவு வைத்துப் பார்த்தால் காலையில் தெரிந்துவிடும். பெரும்பாலான கல்லூரிகளில் திட்டம் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. வண்ணம் பூசிய மாதிரி, கணினியில் வரைந்த பளபளப்பான படம், மதிப்பெண்.

உண்மையில் பாதி வழிதான் வந்திருக்கிறோம். டப்பாவைப் பாலிபுரோபிலீனில் அச்சடிக்க வேண்டும். உருகிய பிளாஸ்டிக் எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு பாய்ந்து, ஆறி, சுருங்கி, வெளியே வர வேண்டும். சுவர் நேராக நின்றால் பொருள் அச்சைவிட்டு வராது. ஒரு பாகையாவது சாய்வு வேண்டும். சுவர் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் சமமாக ஆறாமல் கோணும். சோப்பைத் தாங்கும் வரிகளைச் சுவரளவு தடிமனாக வைத்தால் மறுபக்கத்தில் குழி விழும். சுவரின் பாதியளவுக்கு மெலிய வேண்டும். பக்கவாட்டில் ஓர் அழகான துளை வைக்க ஆசைப்பட்டால் அச்சில் நகரும் பாகம் ஒன்று சேரும், அச்சின் விலை ஏறும். இரண்டு அச்சுப் பாதிகள் சேரும் கோடு பொருளின் மேல் எங்கேயாவது தெரிந்தே தீரும். அதைக் கை படாத விளிம்பில் ஒளித்துவைப்பது வடிவமைப்பாளரின் வேலை. அச்சுக்கு லட்சக்கணக்கில் ஆகும். அடித்து எடுக்கும் ஒவ்வொரு டப்பாவுக்கும் சில ரூபாய். எத்தனை டப்பா விற்றால் அந்த அச்சுச் செலவு தாங்கும் என்று கணக்குப் போடும்போதுதான் மாணவருக்குத் தொழில்துறை என்ற முன்னொட்டின் கனம் தெரியவரும்.

இதையெல்லாம் நேரில் காட்டத் தமிழ்நாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான மத்திய நிறுவனம் சிப்பெட் 1968இலிருந்து கிண்டியில் இருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் கோவையிலும் டை அடிக்கும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர் வரைபடத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, இது அச்சைவிட்டு வராது என்று சொல்லும் ஒற்றை வரி, ஒரு பருவத்துப் பாடத்துக்குச் சமம். கல்லூரிக்கும் அந்தப் பட்டறைக்கும் நடுவே பஸ் தூரம்தான். அந்தப் பயணத்தைப் பாடத்திட்டத்தில் எழுதாமல் விட்டிருப்பது நம் வடிவமைப்புக் கல்வியின் பெரும் இழப்பு.

முப்பரிமாண அச்சு எந்திரம் வந்த பிறகு இந்த இழப்பு கூடிவிட்டது. 2009இல் முக்கியமான காப்புரிமை ஒன்று காலாவதியானதும் எந்திரங்கள் மலிந்தன. கல்லூரி ஆய்வகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வந்தன. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் பல ஆயிரம் பள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. காலையில் வரைந்ததை மாலையில் கையில் பிடித்துப் பார்க்க முடிவது மாணவருக்குப் பெரும் வரம். அதே எந்திரம் ஒன்றை மறைத்தும்விடுகிறது. சாய்வில்லாத சுவர், உள்ளே வளைந்த கொக்கி, கண்டபடி தடித்த மூலை எதைக் கொடுத்தாலும் முகம் கோணாமல் அடுக்கடுக்காக இழைத்துத் தரும். ஆலை மறுக்கும் வடிவத்தை அது மறுப்பதில்லை. ஆகவே எந்திரத்தில் எடுத்த மாதிரியோடு நின்றுவிட்ட திட்டம், லைப்சிக் சந்தையில் சிரிப்புக்கு உள்ளான அந்த விளக்கின் நிலையில்தான் இருக்கிறது.

பொருள் சிறியது என்பதால் அதன் பின்னணியும் சிறியதாகிவிடாது. 2009இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர் தாமஸ் துவெய்ட்ஸ், கடையில் நான்கு பவுண்டுக்கும் குறைவாகக் கிடைத்த ரொட்டி வாட்டும் டோஸ்டர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே 400 பாகங்கள்வரை இருந்தன. இரும்பு, தாமிரம், நிக்கல், மைக்கா, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மூலப்பொருளிலிருந்து தானே எடுத்து ஒரு டோஸ்டர் செய்யக் கிளம்பினார். சுரங்கங்களுக்குப் போனார், மைக்ரோவேவ் அடுப்பில் இரும்பு உருக்கினார். கிட்டத்தட்ட 1,200 பவுண்டு செலவில் கோணல்மாணலாக ஒன்று உருவானது. மின்சாரம் கொடுத்ததும் சில நொடிகள்தான் தாங்கியது. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு பொருளுக்குள் எத்தனை நாடுகள், எத்தனை ஆலைகள் ஒளிந்திருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய மாணவர் திட்டம் இல்லை.

தொடக்க முனைக்கு வருவோம். கேள்வியே தவறாக இருந்தால் மற்ற எல்லாத் திறமையும் வீண். ஸ்டான்ஃபோர்டில் 2007இல் ஒரு மாணவர் குழுவுக்கு, மிக மலிவான குழந்தை இன்குபேட்டர் ஒன்று செய்ய வேண்டும் என்ற வேலை தரப்பட்டது. குழுவில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தார். மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் இருந்தன, சில காலியாகவும் கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறப்பதோ தொலைதூரக் கிராமங்களில். அவை மருத்துவமனைவரை வந்துசேர்வதே இல்லை. அன்றே கேள்வி மாறியது. கண்ணாடிப் பெட்டியை மலிவாக்குவதற்குப் பதில், மின்சாரமில்லாத வீட்டில் தாயே பயன்படுத்தக்கூடிய கதகதப்புப் பை பிறந்தது. உருகி மெதுவாக உறையும் மெழுகு போன்ற பொருள் சில மணி நேரம் உடல்சூட்டைத் தாங்கி நிற்கும். எம்ப்ரேஸ் என்ற பெயரில் அது 2011இல் இந்தியாவில் அறிமுகமானது. மகாராஷ்டிரத்தில் பரிசோதித்தபோது, மருந்து என்றால் கொஞ்சம் குறைத்தே கொடுக்க வேண்டும் என்று நம்பும் தாய்மார்கள் சூட்டையும் குறைத்துவைக்கக்கூடும் என்பது தெரிந்தது. எண் காட்டும் வெப்பமானியை எடுத்துவிட்டு, சரியா இல்லையா என்று மட்டும் காட்டும் குறியை வைத்தார்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்தால் இந்த மாற்றம் யாருக்கும் தோன்றியிருக்காது.

கல்லூரி வாசலையே மிதிக்காமல் இந்த முழுச் சுற்றையும் வந்தவர் கோவை அருணாசலம் முருகானந்தம். 1998இல் மனைவிக்காக மாதவிடாய்ப் பஞ்சுப்பட்டை ஒன்றைச் செய்துபார்க்கத் தொடங்கினார். பஞ்சில் செய்தது சரிவரவில்லை. சோதித்துச் சொல்ல யாரும் முன்வரவில்லை. மருத்துவ மாணவிகளிடம் கேட்டுப் பார்த்தார், கடைசியில் ஆட்டு ரத்தம் நிரப்பிய பந்துப் பை ஒன்றைக் கட்டிக்கொண்டு தானே சோதித்தார். நிறுவனங்கள் பயன்படுத்துவது பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டாண்டுக்கு மேல் ஆனது. அதன் பிறகுதான் எந்திரம். அவர் நெடுநாள் சிக்கிக்கொண்ட இரண்டு இடங்களைக் கவனியுங்கள்: பயன்படுத்துபவர்களிடமிருந்து நேர்மையான பதிலைப் பெறுவது, சரியான பொருளைக் கண்டறிவது. வடிவமைப்புக் கல்லூரிகளில் மிகக் குறைவாக நேரம் ஒதுக்கப்படுவதும் இந்த இரண்டுக்குத்தான். நடுவில் இருக்கும் வரைதலும் படமாக்கலும் பருவத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

மதிப்பிடும் முறையில்தான் மாற்றம் தொடங்க வேண்டும். இறுதிக் காட்சியில் மேசைமேல் மின்னும் ஒரு பொருளுக்கு மதிப்பெண் போட்டால் மாணவர் அந்தப் பொருளை மட்டுமே வளர்ப்பார். ஒதுக்கிய மாதிரிகள், மாறிய கேள்வி, அச்சுக்காரர் சொன்ன மறுப்பு, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் சில மாதம் கிடந்து திரும்பி வந்த மாதிரியின் நிலை எல்லாம் மதிப்பெண்ணுக்குள் வந்தால் உழைப்பு அந்தப் பக்கம் திரும்பும். இதனால் திட்டங்களின் எண்ணிக்கை குறையும். பருவத்துக்கு ஐந்து திட்டம் என்று ஓடுவதைவிட இரண்டை முழுக்க முடிப்பது மேல்.

சிறு பொருள் திட்டத்துக்கு எட்டாதவையும் உண்டு. பஸ் கட்டண முறையையோ மருத்துவமனை வரிசையையோ எட்டு வாரத்தில் மேசைமேல் வைக்க முடியாது. பொருள் செத்தபின் எங்கே போகிறது என்ற கேள்வியும் பழைய பாடத்திட்டங்களில் பெரும்பாலும் கேட்கப்படவில்லை. மென்பிளாஸ்டிக்கையும் கடின பிளாஸ்டிக்கையும் ஒன்றோடொன்று பிணைத்து வார்த்த கைப்பிடிகள் கைக்கு இதம். பிரித்து மறுசுழற்சி செய்வதோ கடினம். பயன்பாடு முடிந்தபின் உலோகத்துக்கு என்ன தேறும் என்று 1958இல் லோட்டாவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். தோல் சீவியைப் பற்றியும் அதைக் கேட்டாக வேண்டும்.

அதற்கு ஏற்ற வேலை தமிழ்நாட்டிலேயே காத்திருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு மாநிலத்தில் தடை. 2022 ஜூலையில் நாடு முழுக்கவும் வந்தது. பார்சல் சாம்பார் மட்டும் இன்னும் நல்ல வடிவத்துக்கு வந்துசேரவில்லை. கொதிக்கும் திரவம், மிதக்கும் எண்ணெய், புளிப்பு, பருப்பின் கனம். ஸ்கூட்டர் கொக்கியில் ஆடிக்கொண்டு போக வேண்டும். உணவகக்காரர் சில நொடிகளில் நிரப்பிக் கட்ட வேண்டும். சில ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. தூக்குவாளி கொண்டுவந்தால் தள்ளுபடி தந்த கடைகளும் உண்டு, ஆனால் அலுவலகம் விட்டுத் திரும்புகிறவர் கையில் வாளி இருக்காது. மடக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளும் வாளியா, உணவகங்களுக்கிடையே சுழலும் பொதுப் பாத்திரமா, கூழ் அச்சில் வார்த்த கிண்ணமா என்பதை முதலாண்டு மாணவர்கள் நான்கு பேர் ஒரு பருவம் முழுக்க எடுத்துச் செய்யலாம். முதல் வாரத்தை ஓர் உணவகத்தின் பார்சல் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றே கழித்துவிடலாம்.